பெயரிழந்த தெய்வங்கள்

பிறநாட்டுத் தெய்வங்களைத் தம் தெய்வப்பெயரால் அழைத்தல் கிரேக்கர் வழக்கம். எகிப்தியரின் ஐசிஸை டிமீற்றர் என்றும் ஒசிரிஸை டயனிசஸ் என்றும் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். உரோமரும் அவ்வழியே சென்றனர். கி. மு. 58இல் கோல் நாட்டின்மேற் படையெடுத்த யூலியஸ் சீசர், அந்நாட்டுக் கெல்த்தியர் மேர்க்குரியையே மிகுதியாக வழிபட்டனர் என்றும், அடுத்து அப்பல்லோ, மார்ஸ், யூப்பிற்றர், மினேர்வா ஆகியோரை வணங்கினர் என்றும் குறித்துள்ளார். இவை யாவும் உரோமர் இட்ட பெயர்கள். கெல்த்தியர் தம் நாவால் அத்தெய்வங்களை எவ்வாறு அழைத்தனர் என்று அவர் கூறிற்றிலர். கெல்த்தியக் குருமாரோ தம் சமயக் கல்வியை ஏட்டில் எழுதாது நெஞ்சிலேயே பேணியவர்கள். ஆதலின் அம்மேர்க்குரி யாவர் என்பதை அறிஞர் இன்றும் ஆராய்ந்தவண்ணமே உளர். வென்றவனுக்குப் பெயரிடுதல் எளிது. பின்வந்தோர்க்கு அதனை நீக்கிப் பார்த்தல் அரிது.

பிரித்தானியாவிலுள்ள பாத் நகரில் நிகழ்ந்தது வேறு. அங்குள்ள வெந்நீரூற்றின் தெய்வம் சூலிஸ். உரோமர் அவளை மினேர்வாவோடு இணைத்துச் 'சூலிஸ் மினேர்வா' என்றனர், பழம்பெயரை நீக்கினாரல்லர். 1979-80இல் அவ்வூற்றை அகழ்ந்தபோது ஏறத்தாழ 130 ஈயத்தகடுகள் கிடைத்தன. ஆடையையும் காசையும் களவுகொடுத்த எளியோர், கள்வனை ஒறுக்குமாறு அவளிடம் முறையிட்டெழுதியவை அவற்றுட் பல. அரசன் மன்றம் ஏறமாட்டாதார்க்கு அவளே மன்றமாயினள் போலும்.

முறையிடுதல் என்றதும் தமிழர்க்கு நினைவில் எழுபவள் கண்ணகி. கெலிஓயாவிலிருந்து பேராதனை வழியே கண்டி சேர்வோர் அங்குள்ள பத்தினி தேவாலயத்தை அறிவர். சிங்களமக்கள் அவளைப் பத்தினி என்றே போற்றுகின்றனர். எசல பெரஹராவில் அவள் தேவாலயத்துக்கும் தனி ஊர்வலம் உண்டு. மட்டக்களப்பிலோ வைகாசியிற் குளிர்த்தி பாடி அவள் சினந்தணிக்கின்றனர். யாழ்ப்பாணத்தின் நிலை இதுவன்று. சைவங் காக்க முனைந்த ஆறுமுக நாவலர் (1822-1879), சமணமரபிற் பிறந்த வணிகப்பெண்ணைச் சைவர் வழிபடுதல் தகாதென மறுத்தார். பின்னர்க் கண்ணகி கோயில்கள் பல இராசராசேசுவரி, புவனேசுவரி என்னும் பெயர்களைப் பூண்டன. நாவலர்பெருமானின் தமிழ்த்தொண்டும் சைவத்தொண்டும் எம் தலைமேற் கொள்ளற்பாலன. எனினும் இவ்வொன்றில் அவர் கருத்தை ஏற்க எம்மால் இயலவில்லை. அவர் விரும்பியது சமயத்தின் தூய்மை. மறைந்ததோ, வேந்தன் அவையில் நின்று நீதி கேட்ட ஒரு பெண்ணின் பெயர்.

கண்ணகியைக் கிரேக்கத் தேவியருள் ஒருத்தியோடு ஒப்பிட்டு மகிழும் கட்டுரைகள் இக்காலத்தே மலிந்துள்ளன. பேராசிரியர் கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூல் அவ்வகையினதன்று. அது மேலையாசியத் தாய்த்தெய்வங்களை நோக்குமுன் இந்நாட்டுச் சடங்குகளையே விரிவாகத் தொகுக்கின்றது. இறந்த பாலங்கனைப் பத்தினி உயிர்ப்பித்தல் சிங்களச் சடங்கிற் காணப்படும். சிலப்பதிகாரத்திலோ கோவலன் ஒருகணம் எழுந்து, அவள் கண்ணீரைத் துடைத்து, வானுலகு செல்கின்றான். பத்தினி என்னும் பெயர் இரு மொழியிலும் நின்றமையாலன்றோ இவ்வேறுபாட்டை நாம் அறியமுடிகின்றது! இராசராசேசுவரியின் கோயில் வாயிலில் நின்று இதனை எவர் வினவுவார்?