ஓமனாவின் வழக்கு

ஜியோ பேபி இயக்கிய ‘காதல் - தி கோர்’ 2023 நவம்பரில் வெளிவந்தபோது கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் நான் கேட்ட பேச்செல்லாம் மம்மூட்டியைப் பற்றித்தான். “அந்த மனுசனுக்கு இந்த வயசில இது தேவையா?” என்றார்கள். படத்தின் பாரத்தைச் சுமப்பவள் ஜோதிகா நடித்த ஓமனா. அவளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கேரளத்துச் சிற்றூர் ஒன்றில் பஞ்சாயத்து இடைத்தேர்தலுக்கு நிற்கிறார் மாத்யூ. ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கிக்காரர், கோயிலுக்கு ஒழுங்காகப் போகிற கிறிஸ்தவர். அந்த நேரம் பார்த்து மனைவி விவாகரத்துக் கேட்கிறாள். கணவருக்கு இன்னொரு ஆணோடு உறவு என்பது காரணம். இருபது வருசத் தாம்பத்தியத்தில் அவர்கள் சேர்ந்தது நான்கே தடவை. வழக்கு நடக்கும்போதும் இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். சத்தமில்லை, சாபமில்லை. மாத்யூவின் வாப்பா சாட்சிக்கூண்டில் ஏறி, மகனின் நிலை தனக்கு முன்பே தெரியும் என்று மருமகள் பக்கம் சாட்சி சொல்கிறார்.

தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ (1996) இதற்கு நேர் எதிரான படம். அதில் மரபு என்பது பெண்ணை எரிக்கிற அடுப்படி. நவீனம் என்பது வீட்டை விட்டு வெளியேறுவது. வெளியேறிய இரு பெண்களும் கடைசியில் சந்திப்பது டில்லி நிஸாமுத்தீன் தர்காவில். 1998இல் சிவசேனாக்காரர் தியேட்டர்களை உடைத்த அமளியில் இந்த இடம் பேசப்படாமலே போயிற்று. தர்கா அங்கே வெறும் நிழலாகத்தான் வருகிறது, அதற்குள் ஒரு முஸ்லிம் வீடு இல்லை. ‘அலிகார்’ (2016) படத்திலும் அப்படித்தான். பேராசிரியர் சிராஸின் தனிமைக்கு ஒரு முழுப்படம். அவரோடு பிடிபட்ட முஸ்லிம் ரிக்ஷாக்காரருக்குச் சில காட்சிகள் மட்டும். அவருடைய வீட்டில் அன்றிரவு என்ன நடந்தது?

இதில் மார்க்கத்தின் நிலைப்பாடு வாசகர்கள் அறிந்ததே. அதை எழுத உலமாக்கள் இருக்கிறார்கள். படம் கேட்பது வேறொன்று: தெரிந்துகொண்டே ஒரு பெண்பிள்ளையைக் கட்டிவைத்தவர்கள் அவளுக்கு என்ன பதில் சொல்வார்கள்? “ஒரு கலியாணத்தை முடிச்சு வெச்சாச் சரியாப் போகும்” என்பது எங்கட ஊர் வைத்தியம். பழுதான மீனை நல்ல மீனுக்குக் கீழே மறைத்து விற்றால் ஹராம் என்று பயானில் கேட்டு வளர்ந்த துறைமுகத்துச் சனம் நாம். நிகாஹில் மறைத்தால் மட்டும் அது மானம் காப்பதாகி விடுகிறது.

ஓமனா இங்கே பிறந்திருந்தால் கதை இன்னும் சிக்கலாகியிருக்கும். கிழக்கில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருகிறார். அந்த வீடு அவளுடைய உம்மா சவூதியிலோ குவைத்திலோ வீட்டுவேலை செய்து கல் கல்லாக எழுப்பியதாக இருக்கும். அவள் எங்கேயும் வெளியேற வேண்டியதில்லை, அவரைத்தான் அனுப்ப வேண்டும். அதற்குப் ‘பஸஹ்’ கேட்டு, காதியும் கூட இருப்பவர்களும் எல்லோரும் ஆண்களாக இருக்கிற ஓர் அறையில், இருபது வருசத்தில் நாலு தடவை என்பதை அவள் தன் வாயால் சொல்ல வேண்டும். எத்தனை பேர் சொல்வார்கள்?

படத்தில் குறையில்லை என்று சொல்ல மாட்டேன். மாத்யூ தேர்தலில் வெல்வது எனக்கு ஒட்டவில்லை; ஊர் அவ்வளவு சுளுவாக மனம் மாறாது. மற்ற ஆளான தங்கனைப் பேசவே விடவில்லை. ஏழை என்பதால் அவமானம் முழுவதும் அவன் தலையில்தான் விடிகிறது, அலிகார் ரிக்ஷாக்காரருக்கு நடந்ததைப் போல.

ஆனாலும் அந்த வாப்பா சாட்சிக்கூண்டுக்கு வருகிற காட்சிக்காக இதை இரண்டாம் தடவையும் பார்த்தேன். பேசுவதற்கு முன் நெடுநேரம் தலை குனிந்து நிற்கிறார். அந்த வயதில், அந்தத் தோரணையில் நிற்கிற வாப்பாமார் எங்கட ஜமாஅத்தில் பலர். சாட்சி சொன்னவர் எவரையும் நான் இதுவரை காணவில்லை.