நாளைப்போவாரும் மார்கழிப் பஜனையும்

மார்கழி மாதத்தில் வெலிமடைப் பகுதித் தோட்டங்களில் விடியலுக்கு முன்னரே பஜனை தொடங்கிவிடுகிறது. பனி இறங்கி நிற்கும் லயங்களினூடே ஓர் ஆர்மோனியமும், இரண்டு சோடித் தாளங்களும், கம்பளியால் தலையை மூடிய பத்துப் பதினைந்து பேரும் நடந்து செல்கின்றனர். முன்னே செல்பவர் ஓரடி பாடுகிறார். பின்னே வருவோர் அதனைத் திருப்பிப் பாடுகின்றனர். மாரியம்மன் கோயிலை அடைந்து தீபம் காட்டி முடிந்ததும் சுண்டல் கைமாறுகிறது. சற்று நேரத்தில் பிரட்டு. விடியலில் பாடிய அதே மனிதர் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்து மலைக்கு ஏறுகின்றனர்.

இப்பாட்டு இவர்களுக்கு என்ன செய்கிறது? இவ்வினாவுக்கு இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. இராகம் மனத்தை ஒடுக்கும், நாமத்தைத் திரும்பத் திரும்பப் பாடுவதே தியானம், அதனால் உள்ளத்துக்கு அமைதி கிட்டும் என்பது ஒன்று. நகரத்துச் சபைகளும் ஆன்மிக மன்றங்களும் இதனையே சொல்கின்றன. உழைப்பாளியின் கண்ணை மறைக்கும் மயக்கமே பஜனை என்பது மற்றொன்று. நம்மைச் சார்ந்த முற்போக்கு அன்பர் பலர் இதனைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். இரு சாராரும் ஒரு தவற்றில் உடன்படுகின்றனர்: பாட்டைப் பார்க்கும்போது பாடுகிறவனைப் பாராது விடுகின்றனர்.

முதல் விடையில் உள்ள உண்மையை முதலில் ஏற்றுக்கொள்வோம். இராகம் என்பது சுரங்களின் வரிசையோடு முடிந்துவிடுவதில்லை. எந்தச் சுரத்தில் நிற்பது, எதனை அசைப்பது, எங்கே வந்து இளைப்பாறுவது என்ற ஒழுங்கும் அதில் அடங்கும். சுருதி மாறாது ஒலித்துக்கொண்டிருக்க, குரல் அதனை விட்டு விலகிச் சென்று மீண்டும் அதனிடம் வந்து சேர்கிறது. சிறிய அடியொன்றைப் பலமுறை பாடுகையில் மூச்சு நீண்டு சீராகிறது. அடுத்த சொல்லைத் தேடும் வேலை மனத்துக்கு இல்லாது போகிறது. அயலில் நிற்பவரின் குரலைக் கேட்டே தன் குரலை அமைக்க வேண்டியிருத்தலால் கவனம் சிதறுவதில்லை. காவிரிக் கரையில் பதினேழாம் நூற்றாண்டு முதலாகப் போதேந்திரரும் ஸ்ரீதர ஐயாவாளும், அவர்க்குப் பின் மருதாநல்லூர் சத்குரு சுவாமிகளும் வளர்த்த நாம பஜனை முறை இந்த அனுபவத்தின் மீதே நிற்கிறது. தியாகராசர் (1767-1847) இயற்றிய திவ்விய நாமக் கீர்த்தனைகளிலும் பல சரணங்கள் ஒரே மெட்டில் எளிமையாக அமைந்திருப்பதற்குக் காரணம், அவை கூடிப் பாடுவதற்கென்று பிறந்தவை என்பதே.

தோட்டத்துப் பஜனையில் மிகுதியாகக் கேட்கும் மெட்டுகளைக் கவனித்தால் நாதநாமக்கிரியை, புன்னாகவராளி போன்ற இராகங்களின் சாயல் புலப்படும். இவை நிஷாதாந்திய இராகங்கள் என்று இசை நூலார் கூறுவர். கீழ் நிஷாதத்திலிருந்து நடுத்தாயி நிஷாதத்துக்குள் இவற்றின் நடமாட்டம் அடங்கிவிடும். மேல் சட்சத்தை எட்டிப் பிடிக்க வேண்டிய தேவையில்லை. காம்போதியை விரித்து ஆள ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டும். புன்னாகவராளிக்கு நேற்றுப் பகல் முழுதும் மலையில் நின்று களைத்த தொண்டை போதும். மக்கள் இவ்விராகங்களைத் தேர்ந்துகொண்டது அறியாமையால் என்று நாம் எண்ணவில்லை. உழைக்கும் உடம்பு தனக்கு இயன்ற இசையைத் தானே கண்டுகொண்டது. ஓதுவார்கள் தேவாரத்தின் சீகாமரப் பண்ணை நாதநாமக்கிரியையில் பாடுவதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம். லயத்துப் பாட்டுக்கும் கோயில் மண்டபத்துப் பண்ணுக்கும் இடையே சுரத்தில் வேலி இல்லை. வேலி வேறிடத்தில் இருந்தது.

அந்த வேலியைக் காணச் சேக்கிழாரிடம் செல்வோம். பன்னிரண்டாம் நூற்றாண்டினதான பெரியபுராணத்தில் இசையோடு தொடர்புடைய இரண்டு தீக்கள் எரிகின்றன. சாத்தமங்கையில் திருநீலநக்கர் என்னும் அந்தணரின் இல்லத்துக்குத் திருஞானசம்பந்தர் வருகிறார். உடன் வந்தவர்கள் பாணர் குலத்துத் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் துணைவியார் மதங்கசூளாமணியாரும். அவர்கள் தங்க இடம் வேண்டுமென்று சம்பந்தர் கேட்க, நீலநக்கர் வேள்வித்தீ அணையாத வேதிகையின் அருகிலேயே இடம் கொடுக்கிறார். அத்தீ வலமாகச் சுழன்று மகிழ்ந்து எழுந்தது என்கிறார் சேக்கிழார். அதே நூலில் ஆதனூர்த் திருநாளைப்போவார், கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்கிறார். யாழின் நரம்பு உள்ளே சென்றது. அதனை ஈந்தவர் வாயிலில் நின்றார். தில்லைக்குள் நுழைவதற்கு அவர் தீயில் மூழ்கி எழ வேண்டியிருந்தது. யாழை மீட்டிய பாணரைத் தீ வரவேற்றது. யாழுக்கு நரம்பு தந்தவரைத் தீ சோதித்தது. பக்தி எல்லோரையும் ஒன்றாக்கிவிட்டது என்று மேடைகளில் எளிதாகப் பேசிவிடும் அன்பர்கள் இவ்விரண்டு தீக்களையும் ஒருங்கு வைத்துப் பார்க்க வேண்டும்.

ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளின் பின்னர் கோபாலகிருஷ்ண பாரதியார் இதே கதையைக் கீர்த்தனைகளாக்கினார். சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தை அவர் படைத்தார்: நந்தனின் ஆண்டையான வேதியர். அப்பாத்திரம் புராணத்திலிருந்து வந்ததன்று; பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தஞ்சை வயலிலிருந்து வந்தது. மார்கழித் திருவாதிரைக்குத் தில்லை செல்ல நந்தன் உத்தரவு கேட்கிறான். ஆண்டை ஏசுகிறார், பின்னர் நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். ஓர் இரவில் சிவபூதங்கள் அவ்வேலையை முடிக்கின்றன. இந்த அற்புதத்தை நாம் நம்ப வேண்டியதில்லை. ஆனால் கதையில் அற்புதம் தேவைப்பட்ட இடத்தை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். மனித முயற்சியால் திறக்கவொண்ணாது என்று கவிஞர் கண்ட கதவு அங்கேதான் இருந்தது. உத்தரவின்றி ஒருநாள் வேலையை விட்டு அகல முடியாத பண்ணையாளின் நிலையை, அக்காலத்துப் பெரும் புலவர் எவரும் பாடத் துணியாத பொருளை, ஒரு பக்திப் பாடகர் பாடிவிட்டார்.

1861 ஆம் ஆண்டளவில் நூலாக வெளிவந்த இக்கீர்த்தனைகளுக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டி அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அணுகினார். இலக்கணப் பிழைகளைக் கண்ட பிள்ளையவர்கள் பலமுறை காலம் தாழ்த்தினார். ஒருநாள் காத்திருந்த பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் பாடலைப் பாட, உள்ளே இருந்து கேட்ட மகாவித்துவான் உருகிப் பாயிரம் கொடுத்தார் என்பது உ. வே. சாமிநாதையர் வழியாக நாம் அறியும் செய்தி. ஏட்டில் பார்த்தபோது பிழையாகத் தெரிந்தது, பாடக் கேட்டபோது உண்மையாகத் தெரிந்தது. பஜனையைத் துண்டுப் பிரசுரத்தைப் படிப்பது போலப் படித்துத் தீர்ப்பளிக்கும் நம் அன்பர்களுக்கு இந்நிகழ்ச்சியில் ஒரு பாடம் உண்டு.

இசை அன்பர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. உள்ளே வரலாமோ என்று நந்தன் வெளியே நின்று கேட்கும் கீர்த்தனை இன்று மாஞ்சி இராகத்தில் கச்சேரி தோறும் பாடப்படுகிறது. மாஞ்சி மெல்ல நகரும் இராகம், உருக்கம் மிகுந்தது. கேட்போர் கண்ணை மூடிக்கொள்கின்றனர், அமைதி அடைகின்றனர். ஆனால் அப்பாட்டு ஒரு வினா. வினாவைக் கேட்டு அமைதி அடைவது எங்ஙனம்? இராகத்தின் இனிமை வினாவை மூழ்கடித்துவிட்டது என்பதே இதன் பொருள். தியானம் என்பது கேட்போனின் உடைமையாகும்போது நேரும் தீங்கு இது. மாவிட்டபுரத்தில் கோயிற் கதவு திறக்க வேண்டி 1968 இல் மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தபோது, நந்தன் கேட்ட வினாவுக்கு நம் நாட்டிலும் விடை கிடைத்திருக்கவில்லை.

இதே மெட்டுகள் வேறு வழியிலும் சென்றன. ஆண்டை நந்தனை ஏசும் பாடலின் மெட்டை எடுத்து, சுப்பிரமணிய பாரதியார் ஆங்கில அதிகாரி சுதேசியை ஏசும் பாடலாக்கினார். மெட்டு முன்னரே தெரிந்திருந்தமையால், அதிகாரி யார், ஆண்டை யார் என்று மக்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவ்வழியே நம் மலைநாட்டிலும் ஒருவர் நடந்தார். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை, தோட்டத் தொழிலாளர் துயரை மக்கள் அறிந்த மெட்டுகளில் அமைத்துக் கூட்டங்களில் தாமே பாடினார். அப்பாடல்களை 1940 இல் நூலாகவும் வெளியிட்டார். கூடிப் பாடிப் பழகிய மக்களிடம்தான் அது இயன்றது. ஓரடியைக் கேட்டு ஒரே குரலில் திருப்பிச் சொல்லும் பயிற்சியைப் பஜனை ஏற்கனவே கொடுத்திருந்தது. பஜனை மயக்கம் மட்டுமே எனில், அந்தக் குரல்கள் எங்கிருந்து வந்தன?

கைலாசபதி 1966 இல் வெளியிட்ட ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’ என்னும் நூலில் நாயன்மார் இயக்கத்தின் சமூக அடித்தளத்தை ஆராய்ந்து, பக்தி எவர் நலனுக்குத் துணை நின்றது என்று கேட்க நமக்குக் கற்பித்தார். அவ்வினாவைப் பஜனையிடமும் கேட்க வேண்டும். கோயிலைக் கட்டிய கங்காணி பஜனைக்கும் தலைமை தாங்கியதுண்டு; தப்படித்தவன் வாசலுக்கு வெளியே நின்றதும் உண்டு. இவற்றை மறைத்துப் பஜனையைப் போற்றுவது நேர்மையாகாது. ஆயினும் ஒரு மரபு எவர் கையில் இருந்தது என்பதும், அது எவர் தொண்டையில் இருந்தது என்பதும் இரண்டு வினாக்கள்.

நாளைப்போவார் என்ற பெயரும் நம் மக்களுக்கு வேறொரு பொருளைத் தந்தது. நந்தனுக்கு நாளை என்பது ஆசை. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்ட மக்களுக்கு நாளை என்பது அச்சம். எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் நிறைவேறியது. அந்த நீண்ட காலமெல்லாம், எவருடைய பதிவேட்டிலும் பெயர் உறுதியில்லாத மனிதர் மார்கழி விடியலில் ஒன்றாக நின்று பாடினர். அப்போது அவர்கள் அடைந்த அமைதியை இகழ நமக்கு நாவெழவில்லை. அது துன்பத்தை மறப்பதற்காகப் பெற்ற அமைதி மாத்திரமன்று. தாம் ஒரு கூட்டம் என்பதை நாள்தோறும் உறுதி செய்துகொண்ட அமைதி.

இன்று அந்த அமைதிக்கு ஆபத்து வந்திருப்பது நாத்திகரிடமிருந்து அன்று. பல தோட்டங்களில் பஜனைக் குழு குறைந்து, கோயில் ஒலிபெருக்கியில் பதிவுசெய்த பாட்டு ஒலிக்கிறது. தேர்ந்த பாடகர், பிழையற்ற சுருதி, வயலின், மிருதங்கம் எல்லாம் உண்டு. பாடுவதற்கு நமக்கு மட்டும் இடமில்லை. பாடியவர்கள் கேட்பவர்களாகிவிட்டனர். கேட்பதாலும் மனம் இளகலாம். ஆனால் மூச்சு நீள்வதும், அயலான் குரலுக்குத் தன் குரலை இசைப்பதும் பாடுபவனுக்கே வாய்க்கும்.

பாடசாலையின் பங்கும் இதில் உண்டு. ஆசிரியராகிய நாம் அதனை ஒப்புக்கொள்ள வேண்டும். பஜனையில் முன்னடி பாடும் மாணவி ஒருத்தியிடம், நீ பாடும் பாட்டு என்ன இராகம் என்று ஒருமுறை கேட்டோம். ‘அது பாட்டு இல்லிங்க சேர், பஜனை’ என்றாள். சங்கீதம் என்பது பாடத்திட்டத்தில் இருப்பது, வேறெங்கோ இருந்து வருவது, தன் லயத்தில் அது இராது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அம்முடிவை அவளுக்குக் கற்பித்தவர்களுள் நாமும் இருக்கிறோம். அவள் பாடியதன் ஆரோகணத்தையும் அவரோகணத்தையும் கரும்பலகையில் எழுதி, நாதநாமக்கிரியை என்று பெயரிட்டுக் காட்டியபோது, அவள் அதனை இருமுறை உரக்கப் படித்துவிட்டு, ‘எங்க தாத்தாவுக்கு இது தெரியுமா?’ என்று கேட்டாள்.

பெயர் தெரியாது, பாட்டுத் தெரியும் என்றோம். செய்ய வேண்டியதும் இவ்வளவே. பாடும் மக்களிடம் பாட்டின் பெயரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தப்புக்காரனையும் பெண்களையும் முன் வரிசைக்கு அழைக்க வேண்டும். நந்தனைப் பாடும்போது அவன் கேட்ட வினாவையும் சேர்த்துப் பாட வேண்டும். விடியலில் ஒரே சுருதியில் நின்ற குரல்கள், பொழுது புலர்ந்தபின் கூலியையும் காணியையும் குறித்துத் தனித்தனியே முணுமுணுக்க வேண்டியதில்லை.