இருபத்தைந்து வயதின் தடுமாற்றம்

சியாட்டிலின் ஃப்ளீட் ஃபாக்ஸஸ் குழு 2011இல் வெளியிட்ட ‘ஹெல்ப்லெஸ்னெஸ் ப்ளூஸ்’ ஆல்பம் இன்னும் பழசாகாததற்குக் காரணம், எப்படி வாழ்வது என்று அது எழுப்பும் கேள்விக்கு விடை சொல்லி முடிக்காததுதான் என்று நினைக்கிறேன். பாடலாசிரியர் ராபின் பெக்னோல்டுக்கு அப்போது வயது 25. முதல் பாட்டிலேயே, தன் பெற்றோர் மகளைப் பெற்றெடுத்த வயதைத் தான் தாண்டிவிட்டதைக் கணக்குப் பார்க்கிறார். தலைப்புப் பாட்டிலோ, தான் தனிப்பிறவி என்று நம்பி வளர்ந்தவர், பெரிய இயந்திரத்தில் ஒரு பல்சக்கரமாக இருந்தால் போதும் என்கிறார். அது யாருடைய இயந்திரம் என்று தெரியாமல் குழம்பி, கடைசியில் பழத்தோட்டக் கனவுக்குத் தாவுகிறார். இதெல்லாம் வசதியுள்ளவனின் புலம்பல், அறுபதுகளின் இசைக்கு நகல் என்பார்கள் சிலர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் வெறும் நகலென்றால், எட்டு நிமிட ‘தி ஷ்ரைன் / ஆன் ஆர்கியுமென்ட்’ பாட்டின் இறுதியில் பாஸ் கிளாரினெட் அப்படிப் பிளிறி, அதுவரை கட்டிய கூட்டுக்குரல் இனிமையைக் குலைத்திருக்காது. பெக்னோல்டும் அதன்பின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கப் போய்விட்டார். அடுத்த ஆல்பம் வர 2017 ஆயிற்று.