புத்தரின் படுகொலை: வெறிக்குள் இருக்கும் ஒழுங்கு

‘புத்தரின் படுகொலை’ ஈழக் கவிஞரும் மொழியியலாளருமான எம். ஏ. நுஃமான் எழுதிய கவிதை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதற்கு எதிர்வினையாக எழுந்தது. ஈழத்து எதிர்ப்புக் கவிதைகளில் அதிகம் பேசப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. கூட்டு வெறி எனப்படுவதைக் கவிதை எவ்வாறு எதிர்கொள்ள முடியும் என்பதற்குச் சிறந்த உதாரணமாக இதைக் கொள்ளலாம்.

பின்னணி

1981 ஜூன் 4 அன்று இலங்கையில் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடைபெறவிருந்தது. மே 31 அன்று யாழ்ப்பாணத்தில் நடந்த தேர்தல் கூட்டத்தில் காவலர்கள் சுடப்பட்டனர். அதைத் தொடர்ந்து காவல்துறையினரின் வன்முறை தொடங்கியது. கடைகள், தமிழர் விடுதலைக் கூட்டணியின் அலுவலகம், யாழ்ப்பாணப் பாராளுமன்ற உறுப்பினரின் வீடு, ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகம் ஆகியவை எரிக்கப்பட்டன. பொது நூலகமும் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. சிறில் மத்தியூ, காமினி திசாநாயக்க ஆகிய இரு அமைச்சர்கள் அந்நாட்களில் யாழ்ப்பாணத்தில் இருந்தனர்.

1944-இல் கல்முனைக்குடியில் பிறந்த நுஃமான் தமிழில் எழுதும் முஸ்லிம். பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். ஈழத்தில் தமிழருக்கும் சிங்களவருக்கும் இடையிலான மோதலை இரு தரப்பாக மட்டும் பார்க்க முடியாத இடத்திலிருந்து எழுதியவர் என்பது இக்கவிதையை வாசிக்க உதவும் செய்தி.

கவிதையின் அமைப்பு

கவிதை ஒரு கனவாகச் சொல்லப்படுகிறது. சாதாரண உடையணிந்த அரச காவலர்கள் புத்தரைச் சுட்டுவிடுகிறார்கள். உடல் நூலகப் படியில் கிடக்கிறது. இருளில் அமைச்சர்கள் வருகிறார்கள். பட்டியலில் இல்லாதவரை ஏன் கொன்றீர்கள் என்று கேட்கிறார்கள். அவரை விட்டுவைத்தால் வேறு எவருக்கும் தீங்கு செய்ய இயலாது என்பது காவலர்களின் விளக்கம். பிணத்தை மறைக்கும்படி உத்தரவு வருகிறது. நூல்கள் குவிக்கப்பட்டு, உடல் அவற்றோடு எரிக்கப்படுகிறது.

இங்கே நூலக எரிப்பு முதற்குற்றமாக இல்லை. அது முதற்குற்றத்தின் தடயத்தை அழிக்கும் செயலாக ஆகிறது. நூல்கள் ஒரு பிணத்தை மறைப்பதற்கான விறகு. அழிந்த நூல்களுக்காக அழுவதற்கு முன், எதைக் கொன்றபின் இந்தத் தீ சாத்தியமானது என்று கவிதை கேட்கிறது.

எரிந்த நூல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தும் கவிதை பெயர் சொல்வது இரண்டை மட்டுமே. இரண்டும் பௌத்த நூல்கள். ஒன்று தம்மபதம். மற்றொன்று, தீ மூட்டப் பயன்படுவதாகக் கவிதை கூறும் சிகாலோவாத சூத்திரம். தீக நிகாயத்தில் உள்ள இச்சூத்திரத்தில், ஆறு திசைகளை வணங்கும் இளைஞனுக்குப் புத்தர் அத்திசைகளுக்குப் புதுப்பொருள் கூறுகிறார். பெற்றோர், ஆசிரியர், வாழ்க்கைத்துணை, நண்பர், பணியாளர், துறவியர் ஆகியோருக்கு ஒருவன் செய்ய வேண்டிய கடமைகளே ஆறு திசைகள் என்கிறார். உடன் வாழ்பவருக்கான கடமையைச் சொல்லும் நூலே இங்கு முதற்கொள்ளி. கவிஞர் குற்றம் சாட்டுவது தமிழரின் நூல்களை வைத்து அல்ல. குற்றவாளிகள் புனிதமெனப் போற்றும் நூல்களை வைத்தே.

பட்டியல்

இக்கவிதையில் மிகவும் அச்சமூட்டும் சொல் ‘பட்டியல்’. கலவரம் என்ற சொல் கட்டுக்கடங்காத கூட்டத்தையும், வெறி என்ற சொல் தன்னை மறந்த நிலையையும் குறிக்கின்றன. நுஃமானின் காட்சியில் இரண்டும் இல்லை. மேலதிகாரி விளக்கம் கேட்கிறார், கீழுள்ளவர் பதில் சொல்கிறார், அடுத்த உத்தரவு பிறக்கிறது. அமைச்சர்களின் கோபம் கொலைக்காக அல்ல, பட்டியலை மீறியதற்காக. அலுவலக நடைமுறைபோல் குளிர்ந்த இந்த உரையாடல், வெறி என்று பிற்பாடு சொல்லப்படுவதற்குள் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காட்டுகிறது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1983 ஜூலையில் கொழும்பில் தமிழரின் வீடுகளைத் தேடிச் சென்ற கும்பல்களிடம் வாக்காளர் பட்டியல்கள் இருந்ததாகப் பலர் பதிவு செய்தனர். கவிதை எதிர்காலத்தைக் கணித்தது என்று இதற்குப் பொருளல்ல. நடந்துகொண்டிருந்ததை அது சரியாகப் பார்த்தது.

மற்றொரு குரல்

இதே காலத்தில் சேரன் எழுதிய ‘இரண்டாவது சூரிய உதயம்’ எரிந்த நகரைப் பார்த்துத் தன் மக்களை எழுந்து நடக்கச் சொல்கிறது. அது பாதிக்கப்பட்டவரை நோக்கிப் பேசும் கவிதை. நுஃமானின் கவிதை எவரையும் எழச் சொல்லவில்லை; எதிர்த்தரப்பின் மனச்சாட்சி முன் ஒரு பிணத்தை வைக்கிறது. இளைஞர்களை அதிகம் ஈர்த்தது முதல் குரலே. இரண்டாவது குரலோ, சினம் இனவெறுப்பாக மாறாமல் நிற்கும் இடத்தைக் காட்டியது. கொன்றவர்கள் சிங்களவர் என்று அது சொல்வதில்லை. அரசின் ஆட்கள் என்கிறது. கொல்லப்பட்டவரோ சிங்களவர் வணங்கும் புத்தர்.

இதில் ஒரு குறையும் உண்டு. கவிதையில் அமைச்சரும் காவலரும் இருக்கிறார்கள், பொதுமக்கள் இல்லை. 1981-இன் நிகழ்வுக்கு இது பொருந்தும். அண்டை வீட்டாரும் கும்பலில் சேர்ந்த 1983-ஐ விளக்க இக்காட்சி போதாது. உத்தரவு இட்டவரைக் காட்டும் கவிதை, உத்தரவுக்காகக் காத்திருந்தவரைக் காட்டவில்லை.

மதிப்பீடு

இக்கவிதை எந்தப் படுகொலையையும் தடுக்கவில்லை. ஆனால் அது ஓர் அளவுகோலை விட்டுச் சென்றது: ஒரு சமூகம் பிறருக்குத் தீங்கு செய்யும் முன், தன்னிடமுள்ள உயர்ந்த ஒன்றைக் கொல்ல வேண்டியிருக்கிறது. இந்த அளவுகோல் சிங்கள பௌத்தத்துக்கு மட்டும் உரியதல்ல. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். பல்லாயிரம் பேர், யாழ்ப்பாண நகரில் இரண்டு மணிநேர அவகாசத்தில், கையில் எடுக்க முடிந்ததோடு போக வேண்டியிருந்தது. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்பதைத் தம் அடையாளமாகச் சொல்லிக்கொள்ளும் தமிழர் அன்று எதை முதலில் கொன்றார்கள் என்ற கேள்வி, கவிதையின் தர்க்கத்திலிருந்து நேராக எழுகிறது.

நூலகக் கட்டடம் பின்னர் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. ‘புத்தரின் படுகொலை’யை நூலக எரிப்பின் நினைவுச்சின்னமாக மட்டும் வாசிப்பது அதைச் சுருக்குவதாகும். தன் தரப்பை நோக்கியும் அதே கேள்வியைத் திருப்பும் வாசகரிடம்தான் அக்கவிதை முழுமை பெறுகிறது.