நகரம் காசு கொடுத்து வாங்கிய படங்கள்

இல்லினாய் மாநிலத்தின் தென்கோடியில், ஒஹையோ ஆறும் மிசிசிப்பியும் கூடும் முனையில் கெய்ரோ என்ற ஊர் இருக்கிறது. 1910ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 14,548. 2020இல் 1,733. அதன் பெரிய கடைவீதியில் அன்றிருந்த கட்டடங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. ஆற்றங்கரையில் நின்ற ஹாலிடே ஹோட்டல் 1943இல் எரிந்துபோயிற்று. அந்த ஊர் எப்படி இருந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் பழைய புகைப்பட அஞ்சலட்டைகளைத் தேடிப் போகிறார்கள். அந்தத் தேடல் மதிக்கத்தக்கது. ஆனால் அட்டைகளிடம் அவர்கள் கேட்கும் கேள்விதான் போதவில்லை.

முதலில் இவற்றின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். 1903இல் கோடாக் நிறுவனம் 3ஏ என்ற மடக்குக் கேமராவைக் கொண்டுவந்தது. அதன் நெகட்டிவ் அஞ்சலட்டை அளவிலேயே இருந்தது. படத்தைப் பெரிதாக்கும் கருவி தேவையில்லை. நெகட்டிவை அட்டைத்தாளின் மேல் வைத்து ஒளி காட்டினால் படம் விழும். பெருநகர அச்சகத்தை எதிர்பார்க்காமல், சிற்றூர் ஸ்டூடியோக்காரர் காலையில் எடுத்த படத்தை மாலையில் விற்கலாம். நெகட்டிவின் மேல் மையால் எழுதிய ஊர்ப்பெயரும் தேதியும் அட்டையில் வெள்ளை எழுத்தாக விழும். அனுப்ப ஒரு சென்ட் போதும். 1907 மார்ச் முதல் அமெரிக்காவில் முகவரிப் பக்கத்திலேயே செய்தியும் எழுத அனுமதி கிடைத்ததால், படத்தின் மேல் கிறுக்க வேண்டிய நிலையும் போயிற்று.

இப்படிப் பிறந்த அட்டைகளில் ஆற்றோர வாழ்க்கையின் இயக்கம் தெரிகிறது. கெய்ரோவில் ஆற்றுமட்டம் ஒரே ஆண்டுக்குள் பல பத்து அடிகள் ஏறி இறங்கக்கூடியது. அங்கே நிலையான படகுத்துறை கட்டினால் பாதி நாள் நீருக்குள் கிடக்கும், மீதி நாள் நீரைத் தொடாமல் நிற்கும். அதனால் இந்த ஆறுகளின் ஊர்கள் மிதக்கும் கிடங்கு ஒன்றைச் சங்கிலியால் கரையில் கட்டி, நீரோடு சேர்த்து ஏற்றி இறக்கின. கரை சரிவாக இருக்கும். வண்டிகள் அந்தச் சரிவில் இறங்கிச் சரக்கை ஏற்றும். வரைபடத்தில் ஒரு கோடாக மட்டும் இருக்கும் அந்தக் கரையை, பலகை, கயிறு, சேறு, நிற்கும் ஆட்கள் என அட்டைதான் காட்டுகிறது. இந்த வகையில் அதற்கு ஈடான ஆவணத்தை நான் பார்த்ததில்லை.

குறைகளில் காலக்கணிப்பு சிறியது. அஞ்சல்தலை ஒட்டும் கட்டத்தின் மூலைகளில் உள்ள முக்கோணங்களைப் பார்த்து, ஏஸோ என்ற புகைப்படத் தாளில் நான்கும் மேல்நோக்கியிருந்தால் 1904–1918 என்று சேகரிப்பாளர்கள் கணிக்கிறார்கள். அது தாளின் வயது. படத்தின் வயது அன்று. விற்பனை நன்றாயிருந்தால் பழைய நெகட்டிவைப் பல ஆண்டுகள் கழித்தும் அச்சிடுவார்கள். அஞ்சல் முத்திரையும் அனுப்பிய நாளைத்தான் சொல்லும்.

பெரிய குறை வேறு. இந்த அட்டைகள் விற்பதற்காக எடுக்கப்பட்டவை. வெள்ளம் விற்றது, உறைந்த ஆறு விற்றது, புதிய பாலம் விற்றது. 1913 மார்ச்சில் கரைகள் உடைந்து ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரம் மூழ்கியபோது, தெருவில் நின்ற நீர் அட்டையட்டையாக விற்பனைக்கு வந்தது. வீட்டுக்குள் படிந்த சேற்றை மாதக்கணக்கில் அள்ளியவர்களின் உழைப்புக்கு அந்த அளவு சந்தை இருந்திருக்காது. மூட்டை சுமந்து துறையை நடத்திய கறுப்பினத் தொழிலாளிகள் பல படங்களில் இருக்கிறார்கள். ஆனால் பெயரில்லாமல், படகுக்கு அளவு காட்டும் உருவங்களாக.

கெய்ரோ மக்கள் எதை வாங்கினார்கள் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1909 நவம்பர் 11 இரவு, வில் ஜேம்ஸ் என்ற கறுப்பின மனிதரை ஆயிரக்கணக்கானோர் கூடிய கும்பல் கடைவீதியின் மின்விளக்கு வளைவுக்கு இழுத்துச் சென்று கொன்றது. அது அஞ்சலட்டையாக்கப்பட்டது. ஒளிரும் வளைவும் அதன்கீழ் திரண்ட கூட்டமும் ஒரு அட்டை. அதைவிடக் கொடியவையும் உண்டு. 2000இல் வெளியான 'வித்தவுட் சாங்சுவரி' தொகுப்பில் அவை இடம்பெற்றுள்ளன. கைதியாயிருந்த ஜேம்ஸைக் காக்கத் தவறிய ஷெரீஃபை மாநில ஆளுநர் பதவிநீக்கம் செய்தார். அந்த ஷெரீஃப் மீண்டும் பதவி கேட்டபோது, இதழாளர் ஐடா பி. வெல்ஸ் கெய்ரோவுக்கே சென்று உண்மைகளைத் திரட்டி, எதிர்த்து வாதிட்டு வென்றார். கெய்ரோவின் வரலாற்றில் அந்த வாதம் கொலைக்கு நிகரான எடை கொண்டது. ஆனால் அதைப் படமெடுத்து விற்றால் லாபம் என்று அங்கே எந்த ஸ்டூடியோக்காரருக்குத் தோன்றியிருக்கும்?

ஆகவே, ஆற்றூரின் வாழ்க்கை எப்படியிருந்தது என்பதற்கு முன்னால், அந்த ஊர் தன்னைப் பற்றி எதை வாங்கவும் உறவினருக்கு அனுப்பவும் விரும்பியது என்றே அட்டையிடம் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு அது ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லும். வழக்கமான சேகரிப்பு முறை அதற்கு இடங்கொடுப்பதில்லை. நீராவிப் படகு ஒரு ஆல்பத்துக்கும், வெள்ளம் இன்னொன்றுக்கும், வன்முறைப் படங்கள் வேறொரு தொகுப்புக்கும் போய்விடுகின்றன. ஒருவரே இவை எல்லாவற்றையும் எடுத்திருந்தாலும் அது தெரியாமல் போகிறது. புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸ் சேர்த்த சுமார் 9,000 அட்டைகள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒன்றாகவே இருக்கின்றன. சேர்த்தவரின் பார்வையும் அதனால் தப்பியது. ஸ்டூடியோக்காரர்களின் பார்வைக்கும் அந்த வாய்ப்பு வேண்டும். அவர்களில் பலர் நெகட்டிவில் வரிசை எண் இட்டார்கள். அந்த எண்களின்படி அட்டைகளை மறுபடி கோத்து, பின்பக்கச் செய்திகளையும் படியெடுத்து வைக்கலாம். விலைப்பட்டியல்கள் அந்தச் செய்திகளைப் பெரும்பாலும் 'எழுதப்பட்டது' என்ற ஒற்றைச் சொல்லோடு விட்டுவிடுகின்றன.