குலுக்கிப் பார்த்து வாங்குங்கள்

பிரிக்பீல்ட்ஸ் பழக்கடைகளில் இறக்குமதியான ஹாஸ் அவகாடோதான் முன்னால் நிற்கும். கலிபோர்னியாவில் 1935இல் காப்புரிமை பெற்ற அந்த ரகம் மிதமான குளிரை விரும்பும். நம் வெக்கைக்கு ஏற்றது மேற்கிந்திய இனம்: பெரிய காய், வழவழப்பான பச்சைத் தோல். கொழுப்பு குறைவு, நீர் அதிகம் என்று அதை ஒதுக்குவது அநியாயம். கிள்ளான் காலைச் சந்தையில் கண்டால் விடாதீர்கள்.

அவகாடோ மரத்தில் கனியாது. பறித்த பிறகே கனியும். அதனால் முற்றிய காயாகப் பார்த்து எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காதருகே குலுக்குங்கள். பல ரகங்களில் கொட்டை கடகடவென்று ஆடினால் முற்றிவிட்டது. பிஞ்சில் பறித்தது ரப்பராகச் சுருங்கிவிடும். காம்படி லேசாக அமுங்கும் நாளில் வெட்டினால் ஓரத்தில் இளம்பச்சை, நடுவே வெண்ணெய் மஞ்சள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்தால், சுடச்சுடத் தோசைக்கு எனக்கு வேறு சட்னியே வேண்டாம்.