சஹனும் சில்லும்

ஆவுடையார்கோவில் என இன்று வழங்கும் திருப்பெருந்துறைக்கு வருவோர், பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுவந்த பொருளை மாணிக்கவாசகர் திருப்பணிக்குச் செலவிட்ட கதையைக் கேளாமல் திரும்புவதில்லை. அக்கதையின் பின்புலமான குதிரை வணிகம் கற்பனையன்று. அரபுக் கரைகளிலிருந்து மஅபருக்குக் குதிரைகள் வந்ததை வஸ்ஸாஃபும் மார்க்கோ போலோவும் எழுதியுள்ளனர். அதே காலத்தில் எதிர்த்திசையிலிருந்து இக்கரைக்கு வந்த சரக்கு சீனத்துப் பீங்கான். குதிரைக்குக் கதையும் சிற்பமும் வாய்த்தன. பீங்கானுக்கு மண்ணில் புதைந்த சில்லுகளே வாய்த்தன.

அச்சில்லுகளைத் தேடித் தொகுத்த நூல், நொபொரு கராஷிமா பதிப்பித்து 2004இல் வெளிவந்தது. தென்னிந்தியாவையும் இலங்கையையும் தழுவிய அவ்வாய்வுக்கு நம் சமுதாயம் கடன்பட்டுள்ளது. மீமிசலுக்குத் தெற்கே, இராமநாதபுரக் கரையிலுள்ள பெரியபட்டினத்தில் கிடைத்த 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான்கள் அவ்வூரின் பழைய செழிப்புக்குச் சான்று. இப்னு பதூதா குறிக்கும் ‘ஃபத்தன்’ இதுவே எனக் கொள்வோரும் உண்டு. சீனத்துக் கலங்கள் இந்தியாவுக்கும் மக்ரிபு வரைக்கும் ஏற்றுமதியானதை அவரே குறித்துள்ளார்.

எனினும் சில்லு காலத்தைச் சொல்லுமேயன்றி, அதில் உண்டவர் யார் என்பதைச் சொல்லாது. கலை வரலாற்றாசிரியர் பலர் இவ்விடத்தை ஓர் எளிய விளக்கத்தால் நிரப்புகின்றனர்: பொன், வெள்ளிக் கலங்களில் உண்பதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்ததால் முஸ்லிம்கள் பீங்கானை நாடினர் என்பது அது. இதைப் பாதி உண்மை என்றே நாம் கருதுகிறோம். தடையைப் பொருட்படுத்தாத அரசவைகளும் பீங்கானை விரும்பின. பொன்னைக் கண்டிராத மீனவர் வீடுகளிலும் பீங்கான் இருந்தது. மறுபாதி, சேர்ந்துண்ணும் சுன்னத்தில் இருக்கிறது. நம் விருந்துகளில் பலர் வட்டமாக அமர்ந்து உண்ணும் அகன்ற தட்டுக்குச் சஹன் என்று பெயர். அரபியில் பள்ளிவாசலின் திறந்த முற்றத்துக்கும் இதுவே பெயர். (பீங்கான் என்ற சொல்லும் பாரசீகத்தின் பிங்கான், அரபியின் ஃபின்ஜானும் அதிலிருந்து வந்ததே.)

சில ஆண்டுகளுக்கு முன் எமக்கு உறவான ஒரு வீட்டில் பழைய சஹன் ஒன்றைப் பழம்பொருள் வணிகர் விலை பேசினார். விரிசலைப் பித்தளைக் கம்பியால் தைத்திருந்ததைக் காட்டி விலையைக் குறைத்தார். வீட்டார் வெட்கப்பட்டு, கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டனர். அத்தையல் குறையாகுமா? உடைந்தபின்னும் அதில் உண்ண விரும்பினர் என்பதற்கு அதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்? இத்தகைய தட்டுகளில் பல சீனத்தவையே அல்ல, 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியச் சரக்கு. அடியிலுள்ள முத்திரையைப் பார்த்தால் தெரியும். அதனால் அவற்றின் வரலாறு குறைவதில்லை.

சேகரிப்பு என்றதும் செல்வரின் கண்ணாடிப் பேழையையே நினைக்கிறோம். ஷா அப்பாஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனக் கலங்களை 1611இல் அர்தபீல் தர்காவுக்கு வக்ஃபு செய்தார். ஆட்சிகள் மாறியும் அவற்றுள் பெரும்பகுதி இன்றுவரை சிதறாமல் இருக்கிறது. நம் ஜமாஅத்துகளிடம் விருந்துக்கான பொதுப் பாத்திரங்கள் உண்டு. அவற்றுக்குக் கணக்கேடும் உண்டு. வீடுகளில் எஞ்சியிருக்கும் சஹன்களை, எந்த வீட்டிலிருந்து வந்தவை, எக்கடலைக் கடந்த குடும்பத்தினுடையவை என்ற குறிப்போடு, அந்த ஏட்டில் ஏற்றலாம். வணிகர் அடுத்த முறை மீமிசல் பக்கம் வருமுன் இதைச் செய்தாக வேண்டும்.